நடுவில் மட்டும் ஏன் கோடு இல்லை?

வாசகர் கேள்வி – பதில்: இயற்பியல் வேதியியல்

இந்த முறை குவாண்டம் கொள்கை, நிறமாலையியல் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நெடுங்காலம் வகுப்பில் நடத்திய பாடம், மனசுக்கு மிக நெருக்கமான பாடம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: எங்கள் தாளில் முதல் பாதி குவாண்டம், மறு பாதி ஸ்பெக்ட்ரோஸ்கோபி. முதல் பாதி முழுக்க டெரிவேஷன். இரண்டாம் பாதி முழுக்க சூத்திரம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்றே தெரியாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து தொடங்கினால் புரியும்?
— இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி

பதில்: பின்பாதியிலிருந்து தொடங்குங்கள் அம்மா. ஒரே ஒரு நிறமாலையை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவின் அகச்சிவப்பு நிறமாலை போதும். எந்த இயற்பியல் வேதியியல் புத்தகத்திலும் இருக்கும், பல கல்லூரி ஆய்வகங்களில் நீங்களே பதிவு செய்யவும் முடியும்.

முதலில் சமன்பாடு எதையும் நினைக்காமல் அந்தப் படத்தைப் பாருங்கள். 2886 செ.மீ.⁻¹ என்ற அலை எண்ணுக்கு (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்பதே அலை எண்) இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி கோடுகள். ஆனால் சரியாக நடுவில் ஒன்றுமில்லை. இடப்பக்க முதல் கோடு 2865.1-இல், வலப்பக்க முதல் கோடு 2906.2-இல். நடு இடைவெளி 41. மற்ற கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளியோ 20 அல்லது 21தான். அதாவது நடுவில் ஒரு கோடு விடுபட்டிருக்கிறது.

ஏன் விடுபட்டது? இந்தக் கேள்வி மனதில் விழுந்துவிட்டால் உங்கள் தாளின் முதல் பாதிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். மூலக்கூறு அதிர்கிறது, கூடவே சுழல்கிறது. அதிர்வு ஒரு படி ஏறும்போது சுழற்சியும் ஒரு படி ஏறியாக வேண்டும், அல்லது ஒரு படி இறங்கியாக வேண்டும். ஏறியவை எல்லாம் வலப்பக்கம், அது ஆர் கிளை. இறங்கியவை எல்லாம் இடப்பக்கம், அது பி கிளை. சுழற்சி மாறாமல் அதிர்வு மட்டும் மாறினால் கோடு நடுவில் வர வேண்டும்; அதற்கு இந்த மூலக்கூறில் அனுமதி இல்லை. ஒளித்துகள் தன்னோடு ஓர் அலகு கோண உந்தத்தைக் கொண்டுவருகிறது. அதை வாங்கிக்கொள்ள மூலக்கூறின் சுழற்சி மாறித்தான் ஆக வேண்டும். நைட்ரிக் ஆக்சைடில் எலெக்ட்ரானுக்கே மூலக்கூறு அச்சைச் சுற்றிக் கோண உந்தம் இருப்பதால் அங்கே நடுவில் க்யூ கிளை எட்டிப்பார்க்கும். அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. காகிதத்தில், கையால். வலப்பக்க முதல் கோடு 2906.2, அது சுழற்சி எண் 0-இலிருந்து 1-க்குப் போனது. இடப்பக்க இரண்டாம் கோடு 2843.6, அது 2-இலிருந்து 1-க்கு வந்தது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 62.6 என்பது, அதிர்வின் கீழ்நிலையில் சுழற்சி மட்டங்கள் 0-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளி. திடச் சுழலியின் (பிணைப்பு நீளம் மாறாமல் சுழலும் மூலக்கூறு மாதிரியின்) ஆற்றல் சூத்திரப்படி அது சுழற்சி மாறிலியைப்போல் 6 மடங்கு. வகுத்தால் 10.43 செ.மீ.⁻¹. அதிலிருந்து நிலைமத் திருப்புத்திறன் 2.68 × 10⁻⁴⁷ கிலோகிராம் மீட்டர்². குறைக்கப்பட்ட நிறையால் (இரு அணு நிறைகளின் பெருக்கத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 128.4 பைக்கோமீட்டர். இரண்டு அணுக்களுக்கு நடுவே உள்ள தூரம் அது. காகிதத்தில் இரண்டு கோடுகளைக் கழித்து, கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு பிணைப்பை அளந்துவிட்டீர்கள். எத்தனை வருடம் நடத்தினாலும் இந்த இடம் வரும்போது எனக்குள் ஒரு சிலிர்ப்பு ஏற்படாமல் இருந்ததில்லை.

இனி மேல்நிலைக்கும் அதே கணக்கைப் போடுங்கள். வலப்பக்க இரண்டாம் கோடு 2925.9. இடப்பக்க முதல் கோடு 2865.1. இரண்டும் புறப்படும் இடம் ஒன்று. வேறுபாடு 60.8, வகுத்தால் 10.13. சுழற்சி மாறிலி குறைந்திருக்கிறது. பிணைப்பு நீண்டிருக்கிறது என்று பொருள். அதிரும் மூலக்கூறு சராசரியாகக் கொஞ்சம் நீளம் கூடியது. வலப்பக்கக் கோடுகள் போகப் போக நெருங்கி வருவதும், இடப்பக்கக் கோடுகள் விலகிப் போவதும் இதனால்தான்.

இன்னும் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் இரட்டையாக இருக்கும். பெரிய கோட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 2 செ.மீ.⁻¹ தள்ளி, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு சின்னக் கோடு. குளோரின் 35, குளோரின் 37 என்ற இரு ஐசோடோப்புகள். கருவில் இரண்டு நியூட்ரான் கூடினால் அகச்சிவப்பில் எவ்வளவு நகரும் என்று நீங்களே கணக்கிடலாம்: குறைக்கப்பட்ட நிறையின் வர்க்கமூலத்தை வைத்துப் போட்டால் 2.2 வரும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு முதல் பாதிக்குப் போங்கள். திடச் சுழலி, சீரிசை அலையியற்றி இரண்டும் ஏன் பாடத்தில் இருக்கின்றன என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: அதே நிறமாலையில் முதல் கோடுதானே மிக உயரமாக இருக்க வேண்டும்? கீழ் மட்டத்தில்தானே மூலக்கூறுகள் அதிகம்?
— இளங்கலை மாணவர்

பதில்: அதிர்வைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. சுழற்சிக்குப் பொருந்தாது. ஒரே ஓர் எண்ணை மனப்பாடம் செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 207 செ.மீ.⁻¹. அதிர்வுப் படி 2886. 207-ஐப்போல் கிட்டத்தட்ட 14 மடங்கு. எனவே மேல் அதிர்வு நிலையில் இருப்பது பத்து லட்சத்தில் ஒரு மூலக்கூறு. சுழற்சிப் படிகளோ 21, 42, 63 என்று சின்னச் சின்னவை. பல மட்டங்களில் மூலக்கூறுகள் பரவிக் கிடக்கும். அதோடு, சுழற்சி எண் 3 என்றால் அதே ஆற்றலில் 7 நிலைகள் இருக்கின்றன, 0-க்கு ஒன்றுதான். ஒரு பக்கம் நிலைகளின் எண்ணிக்கை ஏற, மறுபக்கம் போல்ட்ஸ்மன் காரணி (ஆற்றல் கூடக் கூட அங்கே மூலக்கூறு இருக்கும் வாய்ப்பு குறைவதைச் சொல்வது) இறங்க, இரண்டும் பெருகி 3-இல் உச்சம் தொடுகிறது. கோடுகளின் உயரத்தைப் பார்த்தே வாயுவின் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். தீச்சுடருக்குள்ளும் தொலைவில் உள்ள வாயு மேகங்களிலும் வெப்பநிலையை அளக்க உதவும் வழிகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: பள்ளியில் கணிதம் எடுக்காமல் உயிரியல் பிரிவில் படித்து வந்தவள் நான். ஸ்க்ரோடிங்கர் சமன்பாட்டைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. எவ்வளவு கணிதம் கற்றுக்கொண்டால் தேறுவேன்?
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: நீங்கள் பயப்படும் அளவுக்கு வேண்டியதில்லை. ஆனால் வேண்டியதைத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

சைன், கொசைன் இவற்றை வகையிடவும் தொகையிடவும் தெரிய வேண்டும். இருமுறை வகையிட்டால் தன்னையே குறி மாற்றித் தரும் சார்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் சைன் என்று சொல்ல வர வேண்டும். பெட்டிக்குள் துகள் என்ற பாடம் முழுவதும் அதற்குள் அடங்கியது. ஒற்றைச் சார்பை மைனஸிலிருந்து ப்ளஸ் வரை தொகையிட்டால் பூஜ்யம் என்பதைப் படம் வரைந்து புரிந்துகொள்ளுங்கள். தேர்வு விதிகளில் (எந்தத் தாவலுக்கு அனுமதி, எதற்கு இல்லை என்று சொல்பவை) பாதி அந்தப் படத்திலிருந்து வந்துவிடும். சிக்கல் எண்களில் கூட்டல், பெருக்கல், இணை எண். இரண்டுக்கு இரண்டு அணிக்கோவை. இவ்வளவையும் ஒரு விடுமுறைக்குள் கற்றுக்கொள்ளலாம்.

ஹைட்ரஜன் அணுவின் முழு டெரிவேஷனை வரி வரியாக மனப்பாடம் செய்யும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடாக இருந்ததில்லை. அதற்குச் செலவாகும் இரவுகளில் வேறொன்றைச் செய்யலாம்: ஒவ்வொரு குவாண்டம் எண்ணும் எந்த நிபந்தனையிலிருந்து பிறக்கிறது என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் இரு சுவரிலும் அலைச்சார்பு பூஜ்யமாக வேண்டும். அதனால் முழு எண். ஒரு வட்டத்தைச் சுற்றி வந்தால் தொடங்கிய மதிப்புக்கே அலைச்சார்பு திரும்ப வேண்டும். அதனால் முழு எண். வெகு தொலைவில் அது அடங்கிவிட வேண்டும். அதனால் ஆற்றல் தொடர்ச்சியாக இல்லாமல் படிகளாகிறது. குவாண்டம் எண்ணை யாரும் மேலிருந்து திணிக்கவில்லை. எல்லை நிபந்தனை போட்டதும் தானாக வந்து நிற்கிறது. 1926-இல் ஸ்க்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டின் அழகே அதுதான். அதற்கு முன் நீல்ஸ் போர் தன் அணு மாதிரியில் முழு எண்களைக் கையால் போட வேண்டியிருந்தது.

இன்னொன்று. கணிதம் எங்கே கைகொடுக்கும் என்று காட்டும் சின்னக் கணக்கு பியூட்டாடையீனுக்கு ஹக்கல் முறை, அதாவது பை எலெக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிடும் எளிய வழி. நாலுக்கு நாலு அணிக்கோவையை விரித்தால் ஓர் இருபடிச் சமன்பாடாகச் சுருங்கும். விடை 1.618, 0.618. பிறகு பை எலெக்ட்ரான்களை நிரப்பிக் கூட்டுங்கள். இரண்டு தனித்தனி எத்திலீனைவிட 0.472 பீட்டா (இந்த முறையின் ஆற்றல் அலகு) அளவுக்கு நிலைப்புத்தன்மை கூடியிருக்கும். பள்ளிக் கணிதம்தான். ஆனால் ஒரு மூலக்கூறின் குணம் உங்கள் கையால் வெளிவருகிறது. இதை முதலில் செய்துவிடுங்கள், நடுக்கம் குறையும்.

கேள்வி: பெட்டிக்குள் துகளில் இரண்டாம் நிலைக்கு நடுவில் கணு (அலைச்சார்பு பூஜ்யமாகும் புள்ளி) இருக்கிறது. அங்கே எலெக்ட்ரான் இருக்க வாய்ப்பே இல்லை என்கிறார்கள். பிறகு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு எப்படிக் கடக்கிறது? ஆசிரியரிடம் கேட்டேன், "அது அப்படித்தான்" என்றார்.
— முதுகலை முதலாண்டு மாணவர்

பதில்: நல்ல கேள்வி. இதற்கு "அது அப்படித்தான்" என்பது பதிலாகாது. உண்மையான பதில் உங்களை நேராக நிறமாலையியலில் கொண்டுபோய் விடும்.

துகள் இரண்டாம் நிலையில் மட்டும் இருக்கும்போது அது எங்கும் போய்க்கொண்டிருக்கவில்லை. அந்த நிலையின் நிகழ்தகவு நேரத்தோடு மாறுவதே இல்லை. மீட்டிய தந்தியில் நடுப்புள்ளி அசையாமல் இருக்க இரு பாதியும் ஒருசேர அதிர்வதைப் போல, இடமும் வலமும் சேர்ந்ததுதான் ஒரே நிலை. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போனது என்று சொல்ல அங்கே இடமில்லை.

"சரி, நான் துகளை இடப்பக்கத்தில் வைத்தே தொடங்குகிறேன்" என்று நீங்கள் விடாப்பிடியாகக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அப்படி வைத்தால் அது இரண்டாம் நிலை அல்ல. பல நிலைகளின் கலவை. எளிமைக்காக முதல் நிலையும் இரண்டாம் நிலையும் சம பங்கில் கலந்ததாகக் கொள்வோம். முதல் நிலைக்கு நடுவில் கணு கிடையாது. ஆகவே கலவைக்கும் நடுவில் நிலையான கணு இல்லை. இப்போது நேரத்தை ஓட விடுங்கள். இரு நிலைகளின் கட்டமும் வெவ்வேறு வேகத்தில் சுழல, நிகழ்தகவு இடப்பக்கம் குவிந்து, வலப்பக்கம் சாய்ந்து, மீண்டும் இடப்பக்கம் வரும். ஊஞ்சலாட்டத்தின் அதிர்வெண் என்ன? இரண்டு மட்டங்களின் ஆற்றல் வேறுபாட்டைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தது. ஒரு நானோமீட்டர் பெட்டியில் எலெக்ட்ரான் என்றால் ஆற்றல் வேறுபாடு 1.13 எலெக்ட்ரான் வோல்ட். ஒருமுறை போய் வர 3.7 ஃபெம்டோ நொடி.

நிறமாலையில் ஒரு கோடு என்பது இந்த ஊசலாட்டம்தான். மின்னூட்டம் இடமும் வலமும் ஆடுகிறது. அதே அதிர்வெண்ணில் மின்புலம் ஆடும் ஒளி வந்தால் பிடித்துக்கொள்கிறது. பெட்டியின் முதல் இரு அலைச்சார்புகளைக் காகிதத்தில் வரைந்து, ஒன்றோடொன்று கூட்டி ஒரு படம், கழித்து ஒரு படம் போட்டு, இரண்டையும் வர்க்கமாக்கிப் பாருங்கள். ஒன்று இடப்பக்கம் குவியும், மற்றது வலப்பக்கம் குவியும். பத்து நிமிட வேலை.

கேள்வி: தேர்வு விதிகளை எப்படி மனப்பாடம் செய்வது? ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.
— இளங்கலை மாணவர்கள் இருவர் சேர்ந்து எழுதியது

பதில்: மேலே சொன்ன பதிலைத் தொடர்ந்து முதல் நிலையையும் மூன்றாம் நிலையையும் கலந்து பாருங்கள். இரண்டும் நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீர். கலவை உப்பும், ஒடுங்கும். ஆனால் இடப்பக்கமும் போகாது, வலப்பக்கமும் போகாது. மின்னூட்டத்தின் மையம் அசையவில்லை என்றால் ஒளிக்குப் பிடிமானம் இல்லை. 1-இலிருந்து 3-க்குக் கோடு இல்லை. பெட்டிக்கான தேர்வு விதி இவ்வளவுதான்.

மற்றவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இந்த மாற்றத்தின்போது இருமுனைத் திருப்புத்திறன் ஆடுகிறதா? நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் எவ்வளவு அதிர்ந்தாலும் இரு முனையும் ஒன்றேபோல் இருப்பதால் ஆடாது, அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை. காற்றில் பெரும்பங்கு இவை இரண்டும்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த விதியின் கனம் புரியும். கார்பன் டைஆக்சைடில் இரு பக்கமும் ஒருசேர நீளும் அதிர்வு ஆடாது. வளையும் அதிர்வு 667-இலும், ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்கும் அதிர்வு 2349-இலும் உறிஞ்சும். பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அந்த 667-க்குப் பெரும் பங்கு.

ராமன் விளைவில் கேள்வி வேறு: எலெக்ட்ரான் மேகம் எளிதில் நெளியும் தன்மை மாறுகிறதா? நைட்ரஜன் நீண்டு சுருங்கும்போது அது மாறும். எனவே அகச்சிவப்பில் பேசாத நைட்ரஜன், 1928 பிப்ரவரி 28-இல் சி.வி. ராமன் அறிவித்த முறையில் வாய் திறக்கிறது. சுழற்சி ராமன் நிறமாலையில் இன்னொரு வியப்பு. நைட்ரஜனில் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்று 2-க்கு 1 என்ற விகிதத்தில் உயரம் மாறும். ஆக்சிஜனில் ஒன்றுவிட்டு ஒன்று அடியோடு இல்லை. நைட்ரஜன் 14 அணுக்கருவின் தற்சுழற்சி 1, ஆக்சிஜன் 16-க்கு 0 என்பதால் வந்தது இது. மூலக்கூறு சுழல்வதை அளக்கப் போய் அணுக்கருவின் குணம் தெரியவருகிறது. பாடத்தில் இது ஒரு வரியாக வந்து போய்விடும், நின்று படியுங்கள்.

கேள்வி: பீட்டா கரோட்டினைப் பெட்டிக்குள் துகளாக எடுத்து உறிஞ்சும் அலைநீளம் கணக்கிடச் சொன்னார்கள். எனக்கு 1240 நானோமீட்டர் வந்தது. உண்மை மதிப்பு சுமார் 450. எங்கே தப்பு செய்தேன் என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன்.
— இளங்கலை மாணவி

பதில்: தேடுவதை நிறுத்துங்கள். உங்கள் கணக்கு சரி. நானும் போட்டுப் பார்த்தேன். 11 இரட்டைப் பிணைப்பு, 22 பை எலெக்ட்ரான். 11-ஆம் மட்டம் வரை நிரம்பும். 12-க்குத் தாவ வேண்டும். 144-இலிருந்து 121-ஐக் கழித்தால் 23. சங்கிலியில் 21 பிணைப்பு, ஒவ்வொன்றும் 0.14 நானோமீட்டர் என்றால் பெட்டி நீளம் 2.94. ஆற்றல் 1.60 × 10⁻¹⁹ ஜூல், அதாவது 1 எலெக்ட்ரான் வோல்ட், அலைநீளம் 1240. இந்தக் கணக்கை நம்பினால் கரோட்டின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சவே கூடாது, நிறமே இருக்கக்கூடாது. ஆனால் அது ஆரஞ்சாகத்தானே இருக்கிறது?

பிழை கணக்கில் இல்லை, மாதிரியில் இருக்கிறது. எது பிழை என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கேள்வியின் பயனே. பெட்டிக்குள் எங்கும் நிலையாற்றல் ஒரே சமம் என்று வைத்துக்கொண்டோம். கரோட்டினில் அப்படி இல்லை: இரட்டைப் பிணைப்பு குட்டை, ஒற்றைப் பிணைப்பு நீளம், மாறி மாறி வருகிறது. எலெக்ட்ரான் பார்க்கும் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இந்த மேடுபள்ளம் நிரம்பிய கடைசி மட்டத்தைக் கீழே தள்ளி, காலியான முதல் மட்டத்தை மேலே தூக்குகிறது. இடைவெளி விரிகிறது, அலைநீளம் சுருங்குகிறது. வேதியியலாளர் ஹான்ஸ் கூன் 1940-களின் பிற்பகுதியில் இதை ஒரு கூடுதல் உறுப்பாகச் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டினார்.

இதே கணக்கைச் சயனின் சாயங்களுக்குப் போட்டால் விடை வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி வரும். அங்கே நேர் மின்னூட்டம் ஒரு முனை நைட்ரஜனில் இருப்பதாகவும் எழுதலாம், மறுமுனையில் இருப்பதாகவும் எழுதலாம், இரண்டும் சமம். அதனால் பிணைப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். தரை சமம், பெட்டி பொருந்துகிறது. சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு அலகு கூட்டும்போதெல்லாம் நிறம் சுமார் 100 நானோமீட்டர் நகரும். கரோட்டின் வகைச் சங்கிலிகளிலோ நீளம் கூடக் கூட நகர்வு குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். இதே மாற்றுப் பிணைப்புச் சங்கிலியை வெகு நீளத்துக்கு நீட்டிய பாலிஅசெட்டிலீனில்கூட இடைவெளி பூஜ்யமாவதில்லை, சுமார் 1.5 எலெக்ட்ரான் வோல்ட் எஞ்சியே நிற்கிறது.

முதுகலை படிப்பவர்களுக்கு ஒரு சொல்: கரோட்டினின் 450 கூட அதன் மிகக் கீழான கிளர்வு நிலைக்குப் போகும் தாவல் அல்ல. அதற்கும் கீழே ஒரு நிலை உண்டு. சமச்சீரால் தடை செய்யப்பட்டதால் அது உறிஞ்சலில் தெரிவதில்லை.

தேர்வுத் தாளில் 1240 என்று எழுதிவிட்டு, கீழே இந்தக் காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள். நான் திருத்தினால் முழு மதிப்பெண்ணும் அந்த இரண்டு வரிக்குத்தான் போகும்.

கேள்வி: இப்போதெல்லாம் மென்பொருளில் மூலக்கூறை வரைந்தால் அதிர்வெண்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. கையால் கணக்குப் போட வைப்பது நேர விரயம் இல்லையா?
— முதுகலை இரண்டாமாண்டு மாணவர்

பதில்: மென்பொருளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது தருவது பெரும்பாலும் சீரிசை அதிர்வெண், அதாவது பிணைப்பை எவ்வளவு இழுத்தாலும் தளராத சுருள்வில்லாகக் கொண்டு கிடைப்பது. அது அளந்த மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கும். ஏன் கூடுதல் என்று தெரியாதவர் அந்த எண்ணை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுவார்.

சோதித்துப் பாருங்கள். ஹைட்ரஜன் குளோரைடின் 2886-ஐ எடுத்து, ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் இரட்டிப்புக் கனமான ஐசோடோப்பு டியூட்டீரியத்தைப் போட்டு, இரு குறைக்கப்பட்ட நிறைகளின் விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2070 வரும். அளந்தால் 2091. அந்த 21 எங்கிருந்து வந்தது? உண்மையான பிணைப்பு, இழுத்தால் ஓரளவுக்கு மேல் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சி 2886-ஐ ஏற்கெனவே கீழே இழுத்துவைத்திருக்கிறது. கனமான டியூட்டீரியம் ஆற்றல் கிணற்றின் அடியில் ஆடுவதால் அதைக் குறைவாகவே உணர்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 4.48 எலெக்ட்ரான் வோல்ட், டியூட்டீரியத்தை உடைக்க 4.56 என்ற வேறுபாடும் இதே கிணற்றில்தான் இருக்கிறது: பூஜ்யப் புள்ளி ஆற்றல், அதாவது மிகக் கீழ்நிலையிலும் எஞ்சி நிற்கும் அதிர்வு ஆற்றல். இந்த இரண்டு கணக்கையும் கையால் போட்டவர் மென்பொருள் தரும் எண்ணைப் பார்த்த உடனே நம்பலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார்.

அலகுகளையும் கைப்பழக்கமாக்குங்கள். ஒரு எலெக்ட்ரான் வோல்ட் 8065.5 செ.மீ.⁻¹, மோலுக்கு 96.485 கிலோஜூல். விடைத்தாள்களில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை குவாண்டம் கொள்கை புரியாததால் வந்தவை அல்ல. சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாததால் வந்தவை.

கேள்வி: நான் மாணவன் அல்ல, ஓய்வு பெற்றவன். என் பேத்தி இந்தப் பாடம் படிக்கிறாள். ஒரு கோட்டை வைத்துப் பெரிய கண்டுபிடிப்பு ஏதாவது நடந்திருக்கிறதா? அவளுக்குச் சொல்ல வேண்டும்.
— ஒரு தாத்தா

பதில்: நிறைய ஐயா. 1868-இல் சூரிய ஒளியில் 587.5 நானோமீட்டர் அருகே சோடியத்தோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. ஹீலியம் அப்படித்தான் பூமியில் கிடைப்பதற்கு முன்பே நமக்கு அறிமுகமானது. 1970-இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் ஓரியன் நெபுலாவை நோக்கி ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பி 115 கிகாஹெர்ட்ஸில் ஒரு கோட்டைப் பிடித்தார்கள். கார்பன் மோனாக்சைடு சுழற்சி எண் 1-இலிருந்து 0-க்கு இறங்கும் கோடு அது. பேத்தி தன் புத்தகத்தில் உள்ள திடச் சுழலிச் சூத்திரத்தில் பிணைப்பு நீளம் 113 பைக்கோமீட்டர் என்று போட்டால் அந்த 115 அவள் கையாலேயே வரும்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது டியூட்டீரியத்தின் கதை. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656.28 நானோமீட்டரில் இருக்கிறது. எலெக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுகிறது என்று எளிமையாகச் சொல்கிறோம். உண்மையில் கருவும் கொஞ்சம் அசைகிறது. கரு இரட்டிப்புக் கனமாக இருந்தால் அந்த அசைவு பாதியாகும். கோடு மிகச் சிறிதளவு நகரும். எவ்வளவு என்று கணக்கிட்டால் 0.179 நானோமீட்டர். அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரி தம் கூட்டாளிகளோடு 1931-இல் ஹைட்ரஜன் கோடுகளில் இப்படிப்பட்ட நகர்வைத்தான் தேடினார். சாதாரண ஹைட்ரஜனில் கணித்த இடத்தில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. கருவியின் குறையால் வந்த நிழலாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. எனவே திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக்கி, எஞ்சிய கடைசிப் பகுதியை வாங்கினார்கள். கனமான ஐசோடோப்பு இருந்தால் அதில்தான் செறிந்திருக்கும். கோடு வலுத்தது. 1934-இல் யூரிக்கு நோபல் பரிசு.

பேத்தியிடம் எலெக்ட்ரான், புரோட்டான், டியூட்டிரான் மூன்றின் நிறைகளை மட்டும் கொடுத்து, 0.179 வருகிறதா என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 656.28-ஐ எலெக்ட்ரான் நிறையால் பெருக்கி, புரோட்டான் நிறையால் வகுத்து ஒரு விடை, டியூட்டிரான் நிறையால் வகுத்து ஒரு விடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் போதும். அவள் போட்ட தாளை எனக்கு அனுப்பிவைத்தால் திருத்தித் தருகிறேன்.